பார்வைச் சான்று

புகைப்படத்தை யாரும் நம்பாத காலம் ஒன்று வந்தது. கல்யாண வீட்டில் எடுத்த படத்தைக் காட்டினாலும் "இது நெஜமா எடுத்ததா?" என்று கேட்டார்கள். நடக்காத கலவரத்தின் படங்கள் ஊரெல்லாம் பரவி, அவற்றை நம்பிய கூட்டம் ஒரு தெருவையே கொளுத்திய பிறகு அரசாங்கம் சட்டம் கொண்டுவந்தது. பொது இடத்தில் மாட்டப்படும் ஒவ்வொரு படத்துக்கும் பார்வைச் சான்று வேண்டும். ஒரு மனிதர் அந்தக் காட்சிக்கு முன்னால் நின்று, 'இதோ, இப்போது' என்று முடிவு செய்துதான் அதை எடுத்தார் என்று அவருடைய மூளையே சாட்சி சொல்ல வேண்டும்.

புதிதாக எடுப்பவர்கள் நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு எடுத்தார்கள். முடிவு செய்யும் கணத்தில் மூளையில் எழும் துள்ளலைப் பட்டை பிடித்து, படத்தோடு முத்திரையாகச் சேர்த்துவிடும். பழைய படங்களுக்கு அது முடியாது. அவற்றை எடுத்தவர்களைச் சான்றகத்துக்கு வரவழைத்துச் சோதித்தார்கள்.

தூத்துக்குடியில் இருந்த பூங்கோதைக்கும் திரவியத்துக்கும் அந்த அழைப்பு வந்தபோது இருவரும் சிரித்தார்கள்.

இருவரும் சென்னையில் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். அவள் மயிலாடுதுறைக்காரி. இத்தனை வருஷம் தூத்துக்குடியில் குடித்தனம் நடத்தியும் அவன் ஊர்ப் பேச்சு அவள் நாக்கில் ஒட்டவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் தனியாக ஒரு படமும் எடுத்ததில்லை. எல்லாவற்றுக்கும் கீழே 'கோதை-திரவியம்' என்ற ஒரே கையெழுத்துதான். கடல் உள்ளே வர வர, கரையோர ஊர்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. சனங்கள் விட்டுப்போன வீடுகளுக்குள் போய் அவர்கள் படம் எடுத்தார்கள். முழங்கால் அளவு கடல் நிற்கும் சமையலறை. உப்பு பூத்த மாடிப்படி. உத்தரத்துக் கொக்கியில் தொங்கும் தொட்டில் சேலை, அதன் கீழே வந்து திரும்பும் அலை. ஒரு படத்திலும் ஆள் கிடையாது. ஆனாலும் பார்க்கிறவர்கள் யாரோ இப்போதுதான் எழுந்து போனது போலக் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள்.

வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது, விட்டுப்போனவர்களிடம் பேசிச் சம்மதம் வாங்குவது, நாற்காலியை இரண்டு விரற்கடை நகர்த்துவது எல்லாம் திரவியம். பெரும்பாலும் காமிராவின் பொத்தான் பூங்கோதை கையில் இருக்கும். சில சமயம் அவன் கையில். யார் எடுத்தது என்று கேட்பவர்களிடம் திரவியம், "எங்க வீட்ல சோறு வடிக்கதே யாருன்னு கணக்கு கெடையாது, இதுக்கா கணக்கு வச்சிருக்கப் போறோம்?" என்பான்.

அழைத்தது நிருபமா. சென்னையில் பெரிய கலைக்கூடம் ஒன்றின் பொறுப்பில் இருந்தவள்.

"ரெண்டு தளமும் உங்களுக்குத்தான் சார். இதுவரைக்கும் நீங்க பண்ணது முழுசும். சான்றகத்துக்கு மட்டும் ஒரு தடவை போய் உட்கார்ந்துட்டு வந்துடுங்க."

"சேந்து எடுத்ததுக்கு யாரு உக்காரணும்?"

"ரெண்டு பேரும்தான். தனித்தனியா."

சான்றகத்தில் அவர்களைச் சோதித்தவள் முபீனா. சின்ன வயசு, மெதுவான குரல். தலையில் மாட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே அவள் விளக்கினாள்.

"உங்க படத்தைக் காட்டுவோம். அதே இடம், அதே வெளிச்சம், ஆனா கொஞ்சம் முன்னாடியோ பின்னாடியோ எடுத்த மாதிரி கம்ப்யூட்டர் செஞ்ச படங்களையும் கலந்து காட்டுவோம். மத்தவங்களுக்கு எல்லாமே ஒண்ணுதான். எடுத்தவருக்கு மட்டும் சரியான படம் வரும்போது மூளை துள்ளும். அதை அடக்கவும் முடியாது, வேணும்னு வரவழைக்கவும் முடியாது."

"மறந்து போயிருந்தா?" என்றான் திரவியம்.

"ஆளுக்கு மறந்திருக்கலாம் சார். மூளைல முடிவெடுத்த இடத்துக்கு மறக்காது."

முதலில் அவன் உட்கார்ந்தான், பிறகு அவள். சாயங்காலம் இருவரையும் ஒரு சிறிய அறைக்குள் கூப்பிட்டாள் முபீனா. கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பாமலே பேசினாள்.

"எல்லாப் படத்துக்கும் சான்று கெடைச்சிருச்சு. ஒண்ணுகூடத் தவறல."

"அப்பொறம் ஏம்மா மொகம் வாடிக் கெடக்கு?"

"சான்று மேடம் பேர்ல வந்திருக்கு சார்."

"எதெதுக்கு?"

முபீனா தயங்கினாள். "எல்லாத்துக்கும்."

திரவியம் சிரிக்கத்தான் பார்த்தான். "அந்த மாடிப்படி படத்துல பொத்தான அமுக்குனது நான்லா? இவ கீழ தண்ணில நின்னுட்டு இருந்தா."

"அமுக்குனது நீங்களா இருக்கலாம் சார். இப்போன்னு முடிவு பண்ணது அவங்க."

அவனுக்கு ஞாபகம் வந்தது. அந்தப் படத்துக்கு மட்டுமா? பொத்தான் அவன் கையில் இருக்கும்போதெல்லாம் அவள்தான் அருகிலிருந்து "ம்" என்று மெல்லச் சொல்வாள். அவன் அமுக்குவான். அந்த 'ம்' சமையல்கட்டில் உப்புச் சரியா என்று கேட்டால் சொல்லும் 'ம்' போலத்தான் இருக்கும். அது தன்னுடையதும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"உங்க மெஷின் தப்பு," என்றாள் பூங்கோதை.

முபீனா திரையை அணைத்தாள். திரவியம்தான் எழுந்து, "அந்தப் பிள்ள என்ன செய்யும்? வா, வண்டிக்கு நேரமாச்சு," என்றான்.

ரயிலில் அவன் சன்னலோரம் உட்கார்ந்து வந்தான். அவள் இரண்டு மூன்று தடவை பேச்சைத் தொடங்கினாள். அவன் தலையசைத்தான், அவ்வளவுதான். கோவில்பட்டியில் வண்டி நின்றபோது, "கடலமிட்டாய் வாங்கவா?" என்று கேட்டான். வாங்கினான். வீடு போய்ச் சேரும்வரை பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

மறுவாரம் நிருபமா போனில் பெயர்ப்பலகையைப் பற்றிப் பேசினாள். சட்டப்படி சான்றில் இருக்கும் பெயரைத்தான் போட முடியுமாம். இன்னொரு பெயரை வேண்டுமானால் 'உதவி' என்று கீழே சேர்க்கலாம்.

"அப்படின்னா கண்காட்சியே வேண்டாம்," என்றாள் பூங்கோதை.

போனை அவள் கையிலிருந்து வாங்கி, "போடுங்க நிருபமா. உள்ளதத்தான போடுதீங்க," என்று சொல்லி வைத்தான் திரவியம்.

"எதுக்கு சரின்னு சொன்ன?"

"பின்ன என்ன சொல்லச் சொல்லுத? சட்டத்துக்கு முன்னால போயி, எனக்கும் கொஞ்சம் தாங்கன்னு கேக்கச் சொல்லுதியா?"

அன்றிலிருந்து பூங்கோதை அவனைத் தேற்ற ஆரம்பித்தாள். சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் ஒவ்வொரு படமாக எடுத்துச் சொன்னாள். இதில் நீதான் காத்திருக்கச் சொன்னாய், அதில் நீதான் கோணத்தை மாற்றினாய். சில உண்மை. பல அவள் அப்போதே உண்டாக்கியவை. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

ஒருநாள் அவள் சொன்னாள், "அந்தத் தொட்டில் சேலைப் படம் இருக்கே, அது முழுக்க உன்னுதுதான் திரவி. நான் அவசரப்பட்டேன். அடுத்த அலை வரட்டும்னு நீதானே என் கையைப் பிடிச்சு நிறுத்தின?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான்.

"கோதை, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். வீட்டக் காட்டிட்டு, சேலைய லேசா ஒதுக்கி விட்டுட்டு, வாசல்ல ஒரு கல்லுல சாஞ்சு கெடந்தேன். ஒன் கையப் புடிக்க எனக்கு எந்திரிக்கவே முடியல."

அவள் முகம் சிவந்துவிட்டது.

"எனக்காகச் சொல்லுதன்னு தெரியுது," என்றான். "ஆனா இனிமே சொல்லாத. எது நெசம் எது பொய்யின்னு நான் ஒவ்வொண்ணா நிறுத்துப் பாக்க வேண்டியிருக்கு."

கண்காட்சியின் முகப்புக்குப் புதிதாக ஒரு படம் வேண்டும் என்று நிருபமா கேட்டிருந்தாள். பட்டை கட்டிக்கொண்டு எடுத்தால் நேரடியாகவே சான்று கிடைக்கும், ஒருவேளை இரண்டு பேருக்கும் கிடைக்கலாம் என்றாள். பூங்கோதை அதைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் மடவைக்குடி என்ற கடலோர ஊருக்குப் போனார்கள். அங்கே பள்ளிக்கூடத்துக்குள் கடல் புகுந்திருந்தது. பெஞ்சுகள் பாதி முங்கிக் கிடந்தன. கரும்பலகையில் தேதி அழியாமல் இருந்தது.

இருவரும் நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டார்கள். பட்டையின் ஓரத்தில் கடுகளவு விளக்கு உண்டு. முடிவெடுக்கும்போது பச்சையாக எரியும். காமிராவை நிறுத்தி, பொத்தானை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றாள். வானம் மூடியிருந்தது. தண்ணீர் ஏறி இறங்கியது. அவன் வகுப்பறையையும் அவள் நெற்றியையும் மாறி மாறிப் பார்த்தான். வெகுநேரம் கழித்து, தனக்குள் ஏதோ திரண்டு வருவது அவளுக்குத் தெரிந்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக் கூரையைப் பார்த்தாள்.

"ஏன் மேல பாத்த?"

"கண்ணு கூசிச்சு."

"வெயிலே இல்லையே கோதை."

அவன் வரிசையாகப் பொத்தானை அமுக்கிக்கொண்டே போனான். அவன் பட்டையில் ஒருமுறையும் விளக்கு எரியவில்லை. கடைசியில் பட்டையைக் கழற்றி, கைக்குட்டையால் உப்புத் தண்ணீரைத் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினான். "நீ எனக்காக நிறுத்திக்கிடுத. நான் ஒன் வெளக்கயே பாத்துட்டு இருக்கேன். இதுல எங்க படம் எடுக்கது?" என்றான். கோபமே இல்லாத குரலில்தான் சொன்னான்.

அதுதான் தங்கள் படத்துக்காக அவர்கள் சேர்ந்து போன கடைசிப் பயணம்.

கரையோர வீடுகளைக் காலி செய்யுமுன் ஒவ்வொன்றையும் படம் எடுத்துப் பதிவு செய்ய நில அளவைத் துறைக்கு ஆள் தேவைப்பட்டது. திரவியம் அந்த வேலையில் சேர்ந்தான். வாசலில் வீட்டு எண் எழுதிய பலகையை வைத்து முன்பக்கம் ஒரு படம், பின்பக்கம் ஒரு படம். கலைக்கூடத்தில் மாட்டப்போவதில்லை என்பதால் பட்டை தேவையில்லை. யார் எடுத்தால் என்ன, எண் தெரிந்தால் போதும். காலையில் வண்டி வரும், ஏறிப் போவான், பொழுது சாயத் திரும்புவான்.

கண்காட்சி திறந்த அன்று அவன் சென்னைக்கு வந்தான். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கூட்டத்தின் பின்வரிசையில் நின்றான். சுவரில் ஆள் உயரத்துக்கு 'பூங்கோதை' என்று எழுதியிருந்தது. அவன் பெயர் இருக்கும் இடத்தைக் குனிந்துதான் படிக்க வேண்டும். மேடையிலிருந்து இறங்கி அவனைத் தேடி அவள் வந்தபோது, கல்லூரி மாணவி ஒருத்தி அவனிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீங்க மேடத்துக்கு டிரைவரா இருந்தீங்களா சார்? உதவின்னு போட்டிருக்கே."

"ஆமாம்மா," என்றான் திரவியம். "வண்டியும் ஓட்டிருக்கேன்."

பூங்கோதைக்கு அந்த இடத்திலேயே எல்லாப் படங்களையும் கழற்றிக் கீழே போட வேண்டும் போலிருந்தது. ஆனால் நிருபமா யாரையோ அறிமுகப்படுத்த அழைத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து பார்த்தபோது அவன் ரயிலுக்குக் கிளம்பிவிட்டிருந்தான்.

கண்காட்சிக்குப் பிறகு அழைப்புகள் நிறைய வந்தன. பூங்கோதை தனியாகப் போனாள். சம்மதம் வாங்க ஆட்கள் இருந்தார்கள், சாமான் தூக்க ஆட்கள் இருந்தார்கள். அவள் மாதக்கணக்காக அலைந்தாள். பட்டை ஒரு தடவையும் எரியவில்லை. வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தால் தண்ணீர் புகுந்த வீடுகளாக மட்டும் இருந்தன. முதலில் களைப்பு என்று நினைத்தாள். பிறகு பட்டை பழுதாகியிருக்கும் என்று நினைத்து, அதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய் முபீனாவைப் பார்த்தாள்.

முபீனா பட்டையைத் தன் நெற்றியில் கட்டிச் சோதித்தாள். நன்றாக எரிந்தது.

"பட்டைல ஒண்ணும் இல்ல மேடம். உங்க பழைய பதிவை எடுத்துப் பார்க்கட்டுமா?"

பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்குத் துள்ளல் வந்துச்சா இல்லையான்னு மட்டும்தான் பார்த்தோம். எங்க வேலை அவ்வளவுதான். மூளைல எந்த இடத்துலேர்ந்து வந்துச்சுன்னு யாரும் பார்க்கறது இல்ல. சாதாரணமா, காட்சியைப் பார்க்கற பகுதி இருக்கு, அங்கேர்ந்துதான் எல்லாருக்கும் வரும். உங்களுக்கு வேற இடத்துலேர்ந்து வந்திருக்கு. முகத்தை அடையாளம் கண்டுபிடிக்கற இடம். கிட்டத்தட்ட எல்லாப் படத்துக்கும்."

"என் படத்துல ஆளே கிடையாதேம்மா."

"அதான் எனக்கும் புரியல. கண்ணு முன்னாடி காலி வீடு இருக்கு. உங்க மூளை ஒரு முகத்தைப் பார்க்குது."

பூங்கோதை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காமிராவை நிறுத்திய பிறகு தான் எங்கே பார்ப்போம் என்று யோசித்தாள். வீட்டையா? படச்சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்ப்பாள். அதற்குப் பிறகு பார்க்க மாட்டாள். பக்கத்தில் திரவியம் நின்று பார்த்துக்கொண்டிருப்பான். நெஞ்சு ஏறி இறங்கும். அலை வரும், போகும், வெளிச்சம் மாறும். ஏதோ ஒன்றைக் கண்டதும் அவன் மூச்சு நின்றுவிடும், முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிடும். அவனுக்கே அது தெரியாது. அவள் 'ம்' என்பாள்.

தொட்டில் சேலை? அது அவள் தனியாக எடுத்தது. வாசலில் கிடந்தவன் முகம் எங்கே தெரிந்தது?

"தொட்டில் படத்துக்கும் அப்படித்தானா?" என்று கேட்டாள்.

முபீனா தேடினாள். "இல்ல மேடம். அது ஒண்ணு மட்டும் காட்சியிலேர்ந்து வந்திருக்கு. அது உங்களோடது."

"அப்போ மத்ததெல்லாம் அவரோடதா?"

"அவர் முடிவெடுக்கல மேடம். அவர் பார்த்திருக்காரு. அவர் பார்த்ததை நீங்க பார்த்திருக்கீங்க. முடிவு மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும்." பதிவை மூடிவிட்டு, "சான்றை மாத்த முடியாது. சட்டத்துல முடிவெடுத்தவங்க பேருக்குத்தான் இடம். ஆனா சார்கிட்ட நான் பேசறேன், வேணும்னா," என்றாள்.

"வேண்டாம். நானே சொல்றேன்."

ஊர் வந்து சேரும்வரை அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரவியம் வேலையிலிருந்து திரும்பி, பின்கட்டில் உட்கார்ந்து பூட்சிலிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். கைப்பையைக்கூட வைக்காமல் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். முபீனா சொன்னது, முகம், மூச்சு, எல்லாம். தொட்டில் படம் மட்டும் தன்னுடையது என்பதையும் மறைக்கவில்லை. சொல்லும்போதே அழுதாள்.

அவன் சுரண்டுவதை நிறுத்திக் கேட்டான். முடிந்ததும் குச்சியைக் கீழே வைத்தான். பிறகு சிரித்தான். காய்ச்சல்காரரைப் பார்க்க வந்தவர்கள் சிரிக்கும் சிரிப்பு அது.

"நல்லா யோசிச்சிருக்க கோதை. இது எல்லாத்தயும் விட நல்லாருக்கு."

"பொய் இல்ல திரவி."

"தொட்டில் படத்த மட்டும் ஒனக்குன்னு எடுத்துக்கிட்டது ரொம்பப் பொருத்தம். அப்பதான் நம்புவேன்னு."

"முபீனாகிட்ட பேசிப் பாரு. இப்பவே போடறேன்."

அவள் போனை எடுத்தாள். அவன் அவள் மணிக்கட்டை மெல்லப் பிடித்தான்.

"அந்தப் பிள்ளய ஏன் இதுக்குள்ள இழுக்க? நீ கேட்டா அது பாவம் சொல்லத்தான் செய்யும். விடு. எனக்கு ஒரு கொறயும் இல்ல. நீ சாப்பிட்டியா? மீன் கொழம்பு இருக்கு."

அவன் உள்ளே போய்த் தட்டை எடுத்து வைத்தான். அவள் போனைக் கையில் வைத்தபடி வெகுநேரம் பின்கட்டிலேயே நின்றாள்.

அந்த வார இறுதியில் அவனோடு வேலைக்கு அவளும் வருவதாகச் சொன்னாள். அவன் மறுக்கவில்லை. வண்டி அவர்களை ஒரு கடலோரத் தெருவில் இறக்கிவிட்டுப் போனது. தெருவில் பாதி வீடுகள் ஏற்கெனவே பூட்டிக் கிடந்தன. நடுவில் நீலக் கதவு வைத்த ஒரு வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு அலை, கூடத்தைத் தாண்டி அடுப்படிவரை போய், சுவரில் ஒட்டியிருந்த காலண்டரைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அது திரும்பும்போது ஓட்டு இடுக்கிலிருந்து விழுந்த வெயில் சுவரெல்லாம் ஓடியது. பூங்கோதைக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்தில் நின்றவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு ஒத்தாச பண்ணுதியா?" என்றான் திரவியம். "காத்துல பலக விழுந்துக்கிட்டே இருக்கு. வாசல்ல நின்னு புடிச்சுக்கோ."

அவள் எண் பலகையை வாங்கிக்கொண்டு போய் நீலக் கதவின் முன்னால் நின்றாள். காமிராவைத் தூக்கிக்கொண்டு அவன் எதிரே நின்றான். அவள் பின்னால் அலை மறுபடி உள்ளே ஏறுவது சத்தத்தில் தெரிந்தது. அவன் கண் அவளைத் தாண்டி வீட்டுக்குள் பார்த்தது. அவள் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. எங்கும் நிற்கவில்லை.

"கொஞ்சம் நேரா புடி கோதை," என்றான் அவன். "நம்பர் தெரியல."

அவள் நேராகப் பிடித்தாள்.